சுவருக்குப் பின்னால் ஏணியில் நின்றவர்

18 ஆண்டுகள் அரசியல் நிருபராக வேலை பார்த்தேன். அதை விட்டு 3 ஆண்டுகள் ஆகின்றன. இந்த 3 ஆண்டுகளும் ஒரு நகைச்சுவை அரசியல் நாவலோடுதான் குடியிருக்கிறேன். இப்போது மூன்றாவது வரைவு. பழைய சகாக்கள் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் கண்ணால் பார்த்ததை நேரடியாகவே புத்தகமாக எழுதலாமே, நாவல் எதற்கு? எழுதுவதுதான் எழுதுகிறாய், கோபமாக எழுதாமல் சிரிப்பு எதற்கு? இரண்டுக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அது ஓர் ஏணி.

வேலையில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். மழை பொய்த்த ஒரு வட்டாரத்தில் குடிநீர்த் திட்டத் தொடக்க விழா. அமைச்சர் வந்து குழாயைத் திறப்பார், கொட்டும் தண்ணீரை டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடிப்பார், படம் எடுப்பார்கள், பேசுவார், போவார். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்ட நான், நிழல் தேடி மேடைக்குப் பின்பக்கம் நடந்தேன். குழாய் பதித்திருந்த புதுச் சுவரின் மறுபக்கத்தில் ஓர் ஏணி சாய்த்து வைத்திருந்தது. அதன் மேல்படியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளுயரத்தில், மரப்பலகைப் பரணில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம். டிரம்மின் அடியிலிருந்து கிளம்பிய பைப் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

விஷயம் இதுதான். பிரதான குழாய் இன்னும் ஊர் வந்து சேரவில்லை. விழாத் தேதி வந்து சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டதும் இவர் வால்வைத் திறக்க வேண்டும். அடுத்த கைதட்டலுக்கு மூட வேண்டும்.

"எவ்வளவு நேரம் வரும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம் வரும் சார். முழுசா திறந்தா ஒன்றரை."

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். "மிச்சம் இருக்கிற தண்ணிய வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகலாமான்னு இன்ஜினியர்கிட்ட கேட்டிருக்கேன். அவர் ஒண்ணும் சொல்லல. அமைச்சர் கொஞ்சமா குடிச்சா நல்லா இருக்கும் சார்."

அன்று மாலையே செய்தி அனுப்பினேன். நல்ல இடத்தில் வந்தது. துறையிலிருந்து மறுப்பும் வந்தது: நடந்தது 'சோதனை ஓட்டம்' என்றார்கள். ஒரு பொறியாளரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் வேறு செய்தி வந்து இதை மூடிவிட்டது. கடைசிப் பத்தியில் நான் எழுதியிருந்த அந்த மனிதரின் வாக்கியம் மட்டும் அச்சில் வரவில்லை. இடம் போதாததால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய உதவி ஆசிரியர் மேல் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. யார் ஏமாற்றினார்கள், எவ்வளவு செலவானது, யார் பொறுப்பு என்பதுதான் செய்தி. அமைச்சருக்குத் தாகம் குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் ஏணி மேல் நின்று வேண்டிக்கொண்டது செய்தி ஆகாது. ஆனால் அந்த விழாவில் நடந்தவற்றுள் எனக்கு இன்றும் நினைவில் இருப்பது அது ஒன்றுதான். அமைச்சர் என்ன பேசினார் என்று கேட்டால் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது.

செய்தி பொய்யென்று நான் சொல்லவில்லை. அந்தத் தொழிலை நேசித்துத்தான் செய்தேன். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சுவர் இருக்கிறது. பெரும்பாலும் நிருபர் நிற்கும் பக்கம் மேடை இருக்கும் பக்கம். நாவல் எழுத உட்கார்ந்தபோது நான் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று: சுவருக்கு அந்தப் பக்கம் போய், அவசரமில்லாமல், அந்த ஏணிக்கு அருகில் நிற்பது.

இது புதிய ஆசை அல்ல. எனக்கு முன்பே பல நிருபர்கள் இந்தச் சுவரைச் சுற்றி வந்திருக்கிறார்கள் என்பதை எழுதத் தொடங்கிய பிறகுதான் ஆற அமரப் படித்தேன். அதில் என்னை உலுக்கியது ஒரு மெழுகுவர்த்தி. மார்க் ட்வைன் வாஷிங்டனில் கொஞ்ச காலம் ஒரு செனட்டரிடம் செயலாளராக இருந்து, பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் எழுதி, அரசியலை அருகிலிருந்து பார்த்தவர். அவரும், 'ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட்' பத்திரிகையின் ஆசிரியர் சார்லஸ் டட்லி வார்னரும் சேர்ந்து 1873இல் 'தி கில்டட் ஏஜ்' என்ற நாவலை வெளியிட்டார்கள். அதில் கர்னல் செல்லர்ஸ் என்றொரு மனிதர். கோடிகளைக் கொண்டுவரும் திட்டங்கள் எப்போதும் அவர் வாயில் தயாராக இருக்கும். வீட்டில் ஒன்றும் இருக்காது. குளிர்காலத்தில் விருந்தினர் வந்திருக்கிறார். கணப்படுப்பின் கண்ணாடி போன்ற கதவுக்குப் பின்னால் செக்கச் செவேலென்று ஒளி தெரிகிறது. பேச்சுக்கு நடுவே அந்தக் கதவு கழன்று விழுகிறது. உள்ளே நெருப்பில்லை, ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் நீல டிரம் அங்கே இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், கடல்களுக்கு அப்பால், வேறொரு நிருபர் அதே பொய்யின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். பார்த்தவர் செல்லர்ஸை வெறுக்கவில்லை. அந்தக் குளிரும் நமக்குத் தெரிகிறது, அவருடைய விருந்தோம்பலும் தெரிகிறது, சிரிப்பும் வருகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதுதான் அதன் வலிமை. அதே நாவலில் டில்வர்த்தி என்ற ஊழல் செனட்டரும் வருகிறார். கான்சஸ் மாநிலத்தின் செனட்டர் சாமுவேல் பொமராயை மனத்தில் வைத்து எழுதிய பாத்திரம் அது. அன்றைய வாசகர்களுக்கு அது யாரென்று உடனே புரிந்திருக்கும். இன்று பொமராயின் பெயரைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த நாவலின் தலைப்பே அமெரிக்க வரலாற்றில் ஒரு காலகட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. மெழுகுவர்த்தி இன்றும் அணையவில்லை.

என் முதல் வரைவு முழுக்க டில்வர்த்திகளாகவே இருந்தது. 18 ஆண்டுகளில் சேர்த்து வைத்திருந்த கணக்குகள் அத்தனையையும் அதில் தீர்த்திருந்தேன். என்னை வெளியே நிற்க வைத்தவர், பேட்டி கொடுத்துவிட்டு மறுநாள் மறுத்தவர், கேள்வி கேட்டதற்குக் கூட்டத்தின் நடுவே அவமானப்படுத்தியவர் என்று எல்லாரும் வேறு பெயர்களில் வந்தார்கள், எல்லாரும் முட்டாள்களாக இருந்தார்கள். என் நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவருக்கு அரசியலில் ஆர்வம் இல்லை, அதனால்தான் கொடுத்தேன். 200 பக்கம் படித்துவிட்டு அவர் கேட்டார்: "இவங்கள்ல ஒருத்தரையாவது உனக்குப் பிடிக்குமா?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "எனக்கு இவங்க யாருன்னு தெரியாது. நீ திட்டுறது மட்டும்தான் கேக்குது" என்றார்.

அந்த வரைவைத் தூக்கி வைத்துவிட்டேன். கோபம் ஒரு நிருபரை எழுத உட்கார வைக்கும். உட்கார்ந்த பிறகு அவருக்கு வேறு ஒன்று வேண்டியிருக்கிறது. மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பொறுமை என்று அதற்குப் பெயர் வைக்கலாம். இதைவிடச் சரியான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்போது ஒரு பழைய பேட்டி நினைவுக்கு வந்தது. தேர்தலில் தோற்று ஓராண்டு ஆகியிருந்த முன்னாள் அமைச்சர் ஒருவர். பதவியில் இருந்தபோது அவர் அறைக்குள் மூன்று தொலைபேசிகள் மாறி மாறி அடிக்கும். அன்று வீட்டில் ஒரே ஒரு செல்பேசி மேசை மேல் கிடந்தது. பேட்டி நடந்த ஒரு மணி நேரமும் அவர் கண் அதன் மேலேயே போய் வந்தது. ஒரே ஒரு தடவை அடித்தது. தவறான எண். எதிர்முனையில் இருந்தவர் யாரையோ தேடி அழைத்திருக்கிறார். இவர் போனை வைக்கவில்லை. அந்த ஆளின் ஊர் எது, என்ன வேலை, தேடும் நபர் எப்படி இருப்பார் என்று ஐந்து நிமிடம் விசாரித்து, "கண்டிப்பா பார்த்துச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வைத்தார். வைத்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. அந்தப் பேட்டியில் இதுவும் வரவில்லை. கூட்டணி பற்றி அவர் சொன்ன நான்கு வாக்கியங்கள் வந்தன.

அந்தச் செல்பேசியை என் நாவலின் அமைச்சருக்குக் கொடுத்தேன். அவர் செய்யும் தவறு எதையும் குறைக்கவில்லை. டிரம் வைக்கச் சொன்னதும் அவர்தான், அதைத் தெரியாததுபோல் குடிப்பதும் அவர்தான். ஆனால் அந்தப் போனை எடுத்த பிறகு அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். அதன் பிறகுதான் அவரைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது, அவரைப் பார்த்துப் பயப்படவும் முடிந்தது.

சிரிப்பு எங்கே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் செக் எழுத்தாளர் யாரொஸ்லாவ் ஹாஷெக். 1883இல் பிராக் நகரில் பிறந்தவர். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். விலங்குகளைப் பற்றிய ஒரு பத்திரிகையில் ஆசிரியராக இருந்தபோது உலகத்தில் இல்லாத விலங்குகளைக் கண்டுபிடித்து எழுதியதால் வேலை போனது. 1911 தேர்தலில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு கட்சி தொடங்கி, ஒரு மதுக்கூடத்தையே அலுவலகமாக்கிப் பிரசாரம் செய்தார். கட்சியின் பெயர்: 'சட்டத்தின் வரம்புக்குள் மிதமான முன்னேற்றக் கட்சி'.

அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடத் திரித்ததில்லை, ஒரு சொல்கூட மிகையில்லை. மிதம், முன்னேற்றம், சட்டம், வரம்பு எல்லாமே அன்றைய நல்ல கட்சிகள் மேடையில் சொன்னவை. அவற்றை வரிசையாக நிறுத்தியது மட்டும்தான் அவர் வேலை. இது நிருபரின் காது. எதிரே இருப்பவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வரும் காது.

அவர் எழுதிய 'ஷ்வெய்க்' நாவல் 1921இல் சிறு சிறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. முதல் அத்தியாயத்திலேயே என் தொழில் முழுவதும் தேடியது இருக்கிறது. சராயேவோவில் ஆஸ்திரியப் பேரரசின் இளவரசர் பெர்டினாண்டைக் கொன்றுவிட்டார்கள். உலகம் போருக்குள் விழப்போகிறது. செய்தியைக் கேட்ட ஷ்வெய்க், எந்த பெர்டினாண்ட் என்று கேட்கிறான். அவனுக்குத் தெரிந்த பெர்டினாண்டுகள் இரண்டு பேர். இருவருமே சாதாரண ஆட்கள். பிறகு மதுக்கூடத்துக்குப் போகிறான். அங்கே ஓர் ரகசியப் போலீஸ்காரர் யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறார். சுவரில் தொங்கிக்கொண்டிருந்த பேரரசரின் படம் எங்கே என்று கேட்கிறார். கடைக்காரர் பாலிவெட்ஸ் உள்ளதைச் சொல்கிறார்: ஈக்கள் அதன் மேல் அசுத்தம் செய்துவிட்டன, யாராவது ஏதாவது சொல்லி வம்பாகிவிடுமோ என்று எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அதற்கு அவருக்கு 10 ஆண்டுச் சிறை.

பேரரசர் அந்தக் காட்சியில் இல்லவே இல்லை. ஈ இருக்கிறது, படம் இருக்கிறது, எச்சரிக்கையாக இருக்க நினைத்ததாலேயே மாட்டிக்கொண்ட ஒரு கடைக்காரர் இருக்கிறார். ஒரு பேரரசு எப்படி நடந்தது என்பதை அதற்குமேல் எந்த ஆய்வும் எனக்குச் சொன்னதில்லை. அதிகாரத்தைப் பற்றி எழுத அதிகாரத்தின் முகத்தை வரைய வேண்டியதில்லை. அது கீழே இறங்கி வந்து, கடைசி மனிதரின் நாக்கில் என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும். ஹாஷெக் நாவலை முடிக்கவில்லை. 1923 ஜனவரியில், 39 வயதில் இறந்துபோனார். கடைசிப் பகுதிகளை எழுத உடல் இடம் கொடுக்காமல், லிப்னிட்ஸே என்ற சிற்றூரில் படுத்தபடி சொல்லச் சொல்ல ஓர் உதவியாளர் எழுதிக்கொண்டார்.

நாக்கு என்றேன். என் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான்: அரசாங்கத் தமிழ்.

நிருபராக இருந்தவர்களுக்கு அது தாய்மொழி மாதிரி. 'ஆவன செய்யப்படும்.' 'பரிசீலனையில் உள்ளது.' 'போர்க்கால அடிப்படையில்.' 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' இவற்றில் எதிலும் செய்பவர் கிடையாது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? யார் ஆவன செய்வார்? யார் பரிசீலிக்கிறார்? செயப்பாட்டு வினையை இவ்வளவு கச்சிதமாகக் கையாளும் வேறோர் இடம் தமிழில் இல்லை. ஆள் இல்லாமலே வேலை நடந்துவிடும் ஓர் உலகம் அந்த வாக்கியங்களுக்குள் இருக்கிறது. 18 ஆண்டுகளாக நானும் அந்த வாக்கியங்களை அப்படியே வாங்கி அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

முதல் வரைவில் அதிகாரிகளை நான் மிகையாகப் பேச வைத்தேன். ஊதிப் பெருக்கிய வாக்கியங்கள், நீளமான அடைமொழிகள். ஒன்றும் எடுபடவில்லை. பிறகு பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்து, உண்மையாக எழுதி வைத்திருந்த சொற்களை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவெடுத்தேன். அப்போது வந்ததுதான் என் கதையின் அச்சாணி. நாவலில், விழா முடிந்ததும், ஏணி மேல் நின்றவரிடம் ஓர் அறிக்கை கேட்கிறார்கள். அவர் அதுவரை அறிக்கை எழுதியவர் அல்ல. நடந்ததை நடந்தபடி, ஆனால் அலுவலகத்தில் பார்த்த சொற்களில் எழுதுகிறார்: "இரண்டு நிமிடங்களுக்குத் தங்குதடையின்றிக் குடிநீர் வழங்கப்பட்டது."

இந்த வாக்கியத்தில் பொய் ஒன்றுகூட இல்லை. அந்த இரண்டு நிமிடமும் தண்ணீர் தடையின்றித்தான் வந்தது. அறிக்கை மேலே போகிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சொல் குறைகிறது. கடைசியில் 'தங்குதடையின்றிக் குடிநீர் வழங்கப்பட்டது' என்பது மட்டும் தலைநகர் போய்ச் சேருகிறது. அங்கிருந்து பாராட்டு வருகிறது. அடுத்த திட்டத்துக்கும் அவரையே அனுப்பச் சொல்கிறார்கள். அதன் பிறகு அந்த மாநிலத்தில் எந்தத் தொடக்க விழாவும் அவர் இல்லாமல் நடப்பதில்லை. விளக்கு எரியும், பேருந்து நகரும், கதவு திறக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவர் நிற்பார். அவருக்குப் பதவி உயர்ந்துகொண்டே போகிறது. வீட்டில் மட்டும் இன்னும் தண்ணீர் வரவில்லை.

இதை எழுதும்போது நான் சிரித்தேன். எழுதி முடித்த அன்று இரவு தூங்கவும் முடியவில்லை.

மொழியைப் பற்றி இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது. இல்யா இல்ஃப், யெவ்கெனி பெத்ரோவ் இருவரும் மாஸ்கோவில் 'குதோக்' என்ற ரயில்வே தொழிலாளர் பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். தொழிலாளர்கள் அனுப்பும் கடிதங்களைச் செப்பனிட்டு நகைச்சுவைத் துணுக்குகளாக்குவது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று. பெத்ரோவின் அண்ணன் வாலந்தின் கத்தாயேவ் 1927இல் அவர்களுக்கு ஒரு கருவைக் கொடுத்தார்: ஒரு நாற்காலிக்குள் ஒளித்து வைத்த வைரங்கள். பகலெல்லாம் பத்திரிகை வேலை. மாலையில் எல்லாரும் போன பிறகு அதே அலுவலகத்தில் உட்கார்ந்து இருவரும் நாவல் எழுதினார்கள். 'பன்னிரண்டு நாற்காலிகள்' 1928இல் ஒரு மாத இதழில் தொடராக வந்தது.

அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. எழுதும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சொல் தோன்றினால் அதை விட்டுவிடுவார்கள். இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் தோன்றுவது மூன்றாவது ஆளுக்கும் தோன்றும். அப்படியானால் அது மிக அருகில் கிடந்த சொல். பத்திரிகைக்காரனுக்கு இந்த விதி கடினமானது. அருகில் கிடக்கும் சொல்லை எடுத்துத்தான் நாங்கள் வாழ்ந்தோம். பக்கம் முடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது தூரத்துச் சொல்லைத் தேடிப் போக முடியாது. 'பரபரப்பு', 'அதிரடி', 'சரமாரி', 'கிடுகிடு' என்று கைக்கு வந்ததை எடுத்து வைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போக வேண்டும். நான் தனியாக எழுதுகிறேன். என்னோடு இன்னொருவர் இல்லை. அதனால் அந்த இன்னொருவர் இடத்தில் என் பழைய நிருபரையே உட்கார வைத்துக்கொள்கிறேன். ஒரு வாக்கியம் எழுதியதும், இதை நாளிதழில் எழுதியிருந்தால் என்ன சொல் போட்டிருப்பேன் என்று கேட்டுப் பார்ப்பேன். அதே சொல்லாக இருந்தால் அடித்துவிடுவேன். மெதுவாகத்தான் நகர்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தேறினால் நல்ல நாள்.

அடிக்க வேண்டிய இன்னொரு பட்டியலும் இருந்தது: 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'சொல்லப்படுகிறது'. கதையில்கூட என்னை அறியாமல் வந்துகொண்டே இருந்தன. 'அவர் அன்று வருத்தமாக இருந்ததாகத் தெரிகிறது' என்று என் சொந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். யாருக்குத் தெரிகிறது? நான்தானே அவரை உண்டாக்கினேன்? செய்தியில் அந்தச் சொற்கள் நேர்மையின் அடையாளம். நிருபருக்கு உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லாமல் இருப்பதற்கான வேலி. நாவலில் அதே சொல் பொறுப்பிலிருந்து நழுவுவதாகிவிடுகிறது. இந்த இடத்தைத் தாண்ட எனக்கு ஓராண்டு ஆனது.

நிருபரின் பாதை முடியும் இடத்தில் நாவலின் பாதை தொடங்கும் என்பதற்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு பாகிஸ்தான் எழுத்தாளர் முகமது ஹனீஃப். 1988 ஆகஸ்ட் 17 அன்று பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக் சென்ற சி-130 விமானம் பஹவல்பூர் அருகே விழுந்தது. ராணுவத் தளபதிகளும் அமெரிக்கத் தூதர் ஆர்னால்ட் ராஃபெலும் அவரோடு இறந்தார்கள். விமானத்தில் மாம்பழப் பெட்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. யார் செய்தது என்பதற்கு எல்லாரும் ஏற்கும் விடை இன்றுவரை இல்லை. ஹனீஃப் விமானப்படைப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், பிறகு பத்திரிகையாளரானவர், பிபிசி உருது சேவையில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 2008இல் அவர் எழுதிய 'எ கேஸ் ஆஃப் எக்ஸ்ப்ளோடிங் மேங்கோஸ்' அந்த விடையைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்தது. ஜியாவைக் கொல்ல எத்தனை பேருக்குக் காரணம் இருந்தது என்று காட்டியது. சிறையில் கிடக்கும் பார்வையற்ற ஒரு பெண்ணின் சாபத்தையும், அதைச் சுமந்து பறக்கும் ஒரு காகத்தையும் அந்தச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. எந்த விசாரணை ஆணையமும் காகத்தை விசாரிக்காது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் படித்தவர்களுக்கு, அந்தக் காகம் மற்ற எல்லாச் சாட்சிகளையும்விட நம்பத்தகுந்தது.

அந்த நாவலின் ஆங்கிலப் பிரதிகள் பல ஆண்டுகள் விற்றன. உருது மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2020 ஜனவரியில் கராச்சியில் பதிப்பாளரின் அலுவலகத்திலிருந்து பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். ஊரார் மொழியில் சிரிப்பு வரும்போதுதான் அது உறுத்துகிறது.

நமக்கும் இது தெரியாததல்ல. 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைச் சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் விடுவித்தார்கள். அட்டையில் எந்தத் தலைவரின் பெயரும் இல்லை; மேடையில் இருக்கும் இரண்டு பேரைப் பற்றிக் கூட்டத்தில் பேசிக்கொள்வதாக ஒரு துணுக்கு, அவ்வளவுதான். அதே ஆண்டுகளில் அரசைக் கடுமையாக விமர்சித்த எத்தனையோ தலையங்கங்கள் வந்திருக்கும். குற்றச்சாட்டுக்கு மறுப்பு எழுதலாம். சிரிப்புக்கு என்ன மறுப்பு எழுதுவது?

என் வரைவைப் படித்த வழக்கறிஞர் நண்பர் ஒருவர், பெயரை மாற்றினால் மட்டும் போதாது, இன்னார்தான் என்று அடையாளம் தெரிந்தால் 'கற்பனை' என்று முதல் பக்கத்தில் போட்டுக்கொள்வது காப்பாற்றாது என்றார். அவர் குறித்துக் கொடுத்த இடங்களை எல்லாம் மாற்றினேன். பயந்து மாற்றியதாக நினைக்கவில்லை. அவர் குறித்தவை பெரும்பாலும் முதல் வரைவிலிருந்து தப்பி வந்திருந்த டில்வர்த்திகள். அவர்கள் போனதில் நாவலுக்கு நட்டமில்லை.

'நிஜ அரசியலே கேலிக்கூத்தாகிவிட்டது, இனி நாவலில் கேலி செய்ய என்ன மிச்சம்?' என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நிஜம் நமக்குத் தருவது நிகழ்ச்சியை. அது நடந்த மறுநாள் காலை, அதில் கடைசி ஆளாக நின்றவர் எழுந்து என்ன செய்தார் என்பதை அது தருவதில்லை. அவருடைய மனைவி என்ன கேட்டார், அவர் என்ன சொல்லிச் சமாளித்தார், அடுத்த முறை கூப்பிட்டபோது ஏன் போனார் என்பதெல்லாம் எங்கேயும் பதிவாவதில்லை. அந்த மறுநாள்களுக்கு நாவலைவிட்டால் வேறு இடம் இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. ஏணி மேல் நின்றவரின் பெயரை நான் கேட்கவில்லை. செய்தியில் 'ஊழியர் ஒருவர்' என்று எழுதினேன். அவருக்குத் தொல்லை வரக்கூடாது என்பதால் அப்படி எழுதியது சரிதான். ஆனால் எழுதாமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு. மிச்சத் தண்ணீர் அவர் வீட்டுக்குப் போனதா என்பதும் எனக்குத் தெரியாது. கைதட்டல் கேட்டதும், அமைச்சரிடம் குழாய் பற்றி ஒரு வரி வாங்க வேண்டும் என்று முன்பக்கம் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது ஏணி மட்டும் சாய்ந்திருந்தது.

அதனால் நாவலில் அந்த அத்தியாயத்தை 11 முறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் முன்பக்கம் ஓடாமல் அங்கேயே நிற்கிறேன். நேற்று எழுதியதில், அவர் வால்வைத் திறந்துவிட்டு, டிரம்மில் குறைந்துகொண்டே வரும் தண்ணீரை எட்டிப் பார்க்கிறார். ஒரு கையால் ஏணியைப் பிடித்திருக்கிறார். மறு கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடம். சுவருக்கு அந்தப் பக்கம் அமைச்சர் தண்ணீர் இனிக்கிறது என்கிறார், இன்னொரு டம்ளர் கேட்கிறார். மக்கள் இன்னும் பலமாகக் கைதட்டுகிறார்கள். இரண்டாவது கைதட்டல் கேட்டால் மூட வேண்டும் என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது இரண்டாவதா, முதல் கைதட்டலே இன்னும் ஓயவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. டிரம்மில் அரைக் குடம் இருக்கிறது.